கம்பெனியாக மாற்றுவதற்கு முன்: வரியை முதலில் பார்ப்பதா, பொறுப்பை முதலில் பார்ப்பதா?

சமநிலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படும் எடைக்கருவிகளைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கும் தொழிலை ஏழு ஆண்டுகளாக என் பெயரிலேயே நடத்தி வருகிறேன். மூன்று பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளாக இலாபம் கூடியதால் என்னுடைய தனிநபர் வருமான வரி மேல் படிக்குப் போய்விட்டது. கம்பெனியாக மாற்றிவிட்டால் குறைந்த விகிதத்தில் வரி கட்டலாம் என்று தொழிலில் இருக்கும் நண்பர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

இதே சமயத்தில் என் அண்ணன் புதிய கருவிகள் வாங்குவதற்குப் பணம் போட முன்வந்திருக்கிறார். அவர் அன்றாட வேலைக்கு வர மாட்டார். ஆனால் இப்போது தேவைப்படும் முதலீட்டில் முக்கால் பங்கு அவருடையதாக இருக்கும். ஆகவே தனி உரிமையாளராகவே தொடர்வதா, அண்ணனைச் சேர்த்துக் கூட்டாண்மையாக்குவதா, கம்பெனி பதிவு செய்வதா என்பதை இந்த நிதியாண்டு முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டும்.

வரி விகிதங்கள் நாட்டுக்கு நாடும் ஆண்டுக்கு ஆண்டும் மாறுகின்றன. அவற்றை என் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வேன். எந்தக் கேள்வியை முதலில் கேட்டு, எதை அதற்குப் பின் வைக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டத்தைக் கடந்து வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பேரேடு எழுதியது:

நாற்பது ஆண்டுகள் பிறருடைய கணக்குகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நண்பர்கள் சொன்ன விகிதத்தில் பிழை இருக்காது, அவர்கள் பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டார்கள் என்பதே குறை. கம்பெனி கட்டும் வரி முதல் வரி மட்டுமே. அங்கிருந்து பணம் உங்கள் வீட்டுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். ஆண்டு இலாபம் 100. தனி உரிமையாளராக நீங்கள் மொத்தத்தில் 30 வரி கட்டினால் 70 உங்களுடையது. கம்பெனிக்கு வரி 20 என்றால் கம்பெனியின் கையில் 80 நிற்கும். அந்த 80ஐ அப்படியே டிவிடெண்டாக, அதாவது பங்குதாரருக்குரிய இலாபப் பங்காக, எடுத்து, அதற்கு உங்கள் கையில் 20 விழுக்காடு வரி விழுந்தால் 16 போய் 64தான் மிஞ்சும். அதாவது பழைய நிலையைவிட 6 குறைவு. ஒன்றுமே எடுக்காமல் கருவிகள் வாங்குவதற்காக விட்டு வைத்தால் 80 முழுவதும் தொழிலில் வேலை செய்யும். பழைய நிலையைவிட 10 கூடுதல். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது: 80இல் 50ஐ எடுத்தால் அதற்கு வரி 10, கம்பெனி ஏற்கெனவே கட்டியது 20, ஆக மொத்தம் 30. அந்த 50க்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கம்பெனி வடிவத்தின் வரி ஆதாயத்தைத் தின்று தீர்த்து நட்டத்துக்குள் போகிறது.

ஆகவே நீங்கள் ஆடிட்டரிடம் கொண்டுபோக வேண்டிய முதல் எண் வரி விகிதம் அன்று; உங்கள் குடும்பம் ஓர் ஆண்டு நடக்க எவ்வளவு வேண்டும் என்ற எண். இலாபத்தில் பெரும்பகுதி வீட்டுச் செலவுக்கே போகிறது என்றால், வரிக்காகக் கம்பெனி ஆரம்பிப்பதில் பொருளில்லை. சம்பளமாக எடுக்கும் வழியும் உண்டு. சம்பளம் கம்பெனியின் செலவாகக் கழிக்கப்படுவதால் அந்தத் தொகை ஒருமுறைதான், உங்கள் கையில், வரிக்கு உட்படும். ஆனால் பல நாடுகளில் அதன்மேல் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு சேரும். தனி உரிமையாளர் தனக்குத் தானே சம்பளம் போட்டுக்கொண்டு அதைச் செலவாகக் காட்ட முடியாது. அது இலாபத்தை எடுத்துக்கொண்டதாகவே கருதப்படும்.

இந்தக் கணக்கு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஸ்தோனியாவில் 2000ஆம் ஆண்டிலிருந்து கம்பெனி இலாபத்துக்கு அது பங்கிட்டு வெளியே கொடுக்கப்படும்வரை வருமான வரியே இல்லை. சிங்கப்பூரில் கம்பெனி 17 விழுக்காடு கட்டிவிட்டால், அதிலிருந்து வரும் டிவிடெண்டுக்குப் பங்குதாரர் கையில் மறுபடி வரி கிடையாது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டு பங்குதாரரின் வருமானத்தோடு சேர்ந்து அவருடைய படிக்கேற்ற விகிதத்தில் வரிக்கு உட்படுகிறது. அதற்கு முன்பு அதை வழங்கும் கம்பெனியே அந்த வரியைக் கட்டியது. ஒரே தொழில், ஒரே இலாபம். ஆனால் மூன்று இடத்திலும் மூன்று விடை வரும்.

தனிவழி எழுதியது:

பேரேடு ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். இன்னும் ஒரு படி மேலே போய், மாற வேண்டாம் என்றே சொல்வேன். நான் பதினைந்து ஆண்டுகளாகத் தனி உரிமையாளராகவே இருக்கிறேன். எனக்கு ஆண்டுக்கு ஒரு வரிக்கணக்கு மட்டும்தான். கம்பெனி என்றால் ஆண்டறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு, இயக்குநர் கூட்டக் குறிப்புகள், பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய படிவங்கள் என்று ஒரு வேலையும் நடக்காத ஆண்டிலும் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும். தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். மூடுவதும் திறப்பதைவிடக் கடினம்.

மேலும், ஒரு மோசமான ஆண்டில் நட்டம் வந்தால், தனி உரிமையாளர் அதைத் தன்னுடைய வேறு சில வருமானங்களோடு ஈடுகட்டிக்கொள்ளப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன. கம்பெனியின் நட்டம் கம்பெனிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். அது மீண்டும் இலாபம் ஈட்டினால்தான் பயன்படும். தொடக்க ஆண்டுகளில் பெருஞ்செலவு செய்து கருவி வாங்குகிறவர்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

வழக்குரை எழுதியது:

இதுவரை பேசப்பட்டது எல்லாம் இலாபம் வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியது. கடன் வந்தால், வழக்கு வந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்வியை நான் முதலிடத்தில் வைப்பேன். வரியில் செய்த பிழைக்கு ஓரிரு ஆண்டுகளின் இலாபம் போகும். பொறுப்பில் செய்த பிழைக்கு வீடு போகும்.

சமநிலை அவர்கள் செய்வது சான்று கொடுக்கும் தொழில். ஒரு மருந்து ஆலையின் எடைக்கருவி சரியாக இருக்கிறது என்று அவர் கையெழுத்திட்டு, அது தவறாக இருந்து, ஒரு தொகுதி மருந்து முழுவதையும் அழிக்க நேர்ந்தால், அந்த நட்டத்தை அவரிடம் கேட்பார்கள். அவர் வாங்கிய கட்டணத்துக்கும் அந்த நட்டத்துக்கும் எந்த விகிதமும் இருக்காது. தனி உரிமையாளராக இருக்கும்வரை தொழிலின் சொத்து, வீட்டின் சொத்து என்ற வேறுபாடே சட்டத்தின் கண்ணில் இல்லை.

கம்பெனி என்பது சட்டத்தில் இன்னோர் ஆள். இதை நிலைநாட்டிய வழக்கு இங்கிலாந்தின் சாலமன் வழக்கு. ஆரன் சாலமன் என்ற காலணி உற்பத்தியாளர் 1892இல் தன் தொழிலைத் தானே தொடங்கிய கம்பெனிக்கு விற்றார். வெளியிடப்பட்ட 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மீதி ஆறும் மனைவி, மகள், நான்கு மகன்களிடம் ஒவ்வொன்றாக இருந்தன, ஏனென்றால் அன்றைய சட்டம் ஏழு உறுப்பினர்களைக் கேட்டது. கம்பெனி நொடித்தபோது, பெயரளவில் ஒரு கம்பெனியை வைத்துக்கொண்டு அவரே தொழில் செய்தார், ஆகவே கடனை அவரே தீர்க்க வேண்டும் என்று வாதிட்டார்கள். அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1896 நவம்பரில் அதை ஏற்க மறுத்தது. முறையாகப் பதிவு பெற்ற கம்பெனி அதன் உறுப்பினர்களிலிருந்து வேறான ஆள் என்பது அன்றிலிருந்து உறுதியானது. பொதுச்சட்டம் எனும் ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகள் பலவற்றில் இன்றும் அதுவே அடித்தளம்.

ஆனால் இன்னோர் ஆள் என்பதற்கு மறுபக்கமும் உண்டு; அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1925இல் அதே சபை மற்றொரு வழக்கைத் தீர்மானித்தது. மக்காரா என்பவர் தன் தோட்டத்து மரங்களை, தன் முழு ஆளுகையில் இருந்த கம்பெனிக்கு விற்றுவிட்டார். மரங்களுக்கான காப்பீட்டை மட்டும் தன் பெயரிலேயே எடுத்தார். தீப்பிடித்து மரங்கள் எரிந்தன. மரங்கள் கம்பெனியுடையவை, அவற்றைக் காப்பீடு செய்யும் உரிமை உமக்கு இல்லை என்று சொல்லிக் காப்பீட்டுத் தொகையை மறுத்தார்கள்; நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சாலமனைக் காத்த அதே கோட்பாடு மக்காராவைக் கைவிட்டது.

கம்பெனி ஆகிவிட்டால் உங்கள் கவனக்குறைவுக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். தவறான தொழில்முறை ஆலோசனைக்கு, இயக்குநர் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்றிருந்தால்தான் அவரைப் பிடிக்க முடியும் என்று பிரபுக்கள் சபை 1998இல் கூறியது. ஆனால் எது தனிப்பட்ட பொறுப்பேற்பு என்பது ஒவ்வொரு வழக்கின் விவரத்தையும் பொறுத்தது. எனவே சான்றிதழில் கம்பெனியின் பெயர் முதன்மையாக இருப்பதும், கம்பெனி சார்பாகவே நீங்கள் கையெழுத்திடுவதும் வெறும் அலங்காரம் அல்ல. இவற்றோடு தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் வேண்டும். கம்பெனி காப்பீட்டுக்கு மாற்று ஆகாது. காப்பீடும் கம்பெனிக்கு மாற்று ஆகாது.

அச்சுக்கோர்ப்பு எழுதியது:

வழக்குரை அவர்கள் சொன்ன மறுபக்கத்தை நான் என் வாழ்க்கையிலேயே பார்த்துவிட்டேன். இன்னொருவருக்கு அது நேரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அச்சுத் தொழிலைக் கம்பெனியாக மாற்றிய முதல் ஆண்டிலேயே புதிய இயந்திரத்துக்கு வங்கிக்கடன் வாங்கினேன். கடன் கம்பெனியின் பெயரில் இருந்தது. ஆவணக் கட்டில் எட்டாவதோ ஒன்பதாவதோ தாள் என்னுடைய தனிப்பட்ட பிணை. அதையும் மற்றத் தாள்களோடு சேர்த்துக் கையெழுத்திட்டேன். இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் ஒரே ஆண்டில் விலகியபோது தவணை நின்றது. வங்கி கம்பெனியிடம் கேட்ட அதே வாரத்தில் என்னிடமும் கேட்டது. முதலில் கம்பெனியின் சொத்தை விற்றுப் பாருங்கள், குறைந்தால் என்னிடம் வாருங்கள் என்று சொல்ல முடியும் என நினைத்திருந்தேன். முடியாது என்று வக்கீல் விளக்கினார். இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் உள்படப் பல சட்டங்களில், வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, பிணையாளியின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒன்றுக்கொன்று சமம்.

என் இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. கம்பெனியின் நடப்புக் கணக்கிலிருந்து வீட்டுக் கட்டுமானச் செலவுக்கு அவ்வப்போது பணம் எடுத்தேன். என் பணத்தை நான் எடுக்கிறேன் என்றே நினைத்தேன். சம்பளம் என்றும் எழுதவில்லை, டிவிடெண்டு என்றும் அறிவிக்கவில்லை. ஆண்டு முடிவில் அது கம்பெனி எனக்குக் கொடுத்த கடனாகக் கணக்கில் நின்றது. நெருங்கியவர்கள் மட்டும் பங்கு வைத்திருக்கும் கம்பெனி தன் பங்குதாரருக்குக் கொடுக்கும் கடனைப் பல நாட்டு வரிச்சட்டங்கள் சந்தேகத்தோடு பார்க்கின்றன. இந்தியாவில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வாக்குரிமையுள்ள பங்குதாரருக்குக் கொடுத்த கடன், கம்பெனியிடம் சேர்ந்துள்ள இலாபத்தின் அளவுக்கு, டிவிடெண்டாகவே கருதப்படலாம். பிரிட்டனில் கணக்காண்டு முடிந்து 9 மாதத்தைத் தாண்டியும் அந்தக் கடன் நின்றால் கம்பெனி அதன்மேல் தனியாக வரி கட்ட வேண்டும். கடன் தீர்ந்த பிறகே அதைத் திரும்பக் கேட்கலாம். திருப்பிக் கொடுக்க நினைத்திருந்த பணத்துக்கு நான் வரியும் அபராதமும் கட்டினேன்.

சமநிலை எழுதியது:

நீங்கள் எல்லாரும் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. குடும்பச் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். பேரேடு ஐயாவின் எண்களில் சொன்னால், 100இல் ஏறக்குறைய 45 எனக்கு வீட்டுக்குத் தேவை. மீதியைக் கருவிகளில் போடலாம். ஆகவே வரி ஆதாயம் இருந்தாலும் அது மிகச் சிறியது என்று புரிகிறது. ஆனால் பொறுப்பைப் பற்றி வழக்குரை அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு, மாறுவதற்கு அதுவே போதுமான காரணம் என்று நினைக்கத் தொடங்கியிருக்கிறேன்.

அச்சுக்கோர்ப்பு அண்ணா, உங்கள் அனுபவத்தை மறைக்காமல் எழுதியதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்தப் பிணைத் தாள் என் கண்ணில் படாமல் போகாது.

அண்ணனின் பணம் பற்றி இன்னும் தெளிவு இல்லை. கம்பெனி வேண்டாம், நாம் இருவரும் கூட்டாளிகளாக இருப்போம், நமக்குள் எழுத்து எதற்கு என்கிறார். பாசத்தில்தான் அப்படிச் சொல்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

வழக்குரை எழுதியது:

எழுத்து இல்லாவிட்டால் நமக்குள் எந்த விதியும் இல்லை என்று உங்கள் அண்ணன் நினைக்கிறார். உண்மையில், எழுத்து இல்லாவிட்டால் சட்டத்தின் விதி வந்து உட்கார்ந்துகொள்ளும். அது உங்கள் இருவருக்குமே பொருந்தாத விதி.

பிரிட்டனின் 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தையும், அதை ஒட்டிச் செல்லும் இந்தியாவின் 1932ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் இலாபமும் நட்டமும் சமபங்கு. யார் எவ்வளவு முதல் போட்டார் என்பது கணக்கில் வராது. தொழிலில் உழைப்பதற்காக எந்தக் கூட்டாளிக்கும் ஊதியம் கிடையாது. முக்கால் பங்கு போட்ட அண்ணனுக்குப் பாதி இலாபம். முழு நேரமும் உழைக்கும் தங்கைக்குச் சம்பளம் இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஒரு கூட்டாளி இறந்தால் கூட்டாண்மையே கலைந்துவிடும். அதுவரை தொழிலின் பெயரால் ஒருவர் செய்யும் கடனுக்கு மற்றவரும் முழுமையாகப் பொறுப்பு. வேலைக்கே வராத உங்கள் அண்ணனின் வீடும் நீங்கள் கையெழுத்திடும் ஒவ்வொரு சான்றுக்கும் பின்னால் நிற்கிறது. இதை அவரிடம் சொல்லுங்கள். எழுத்து அவரைக் காப்பதற்கும்தான் என்பதை அவர் புரிந்துகொள்வார்.

கம்பெனி என்றாலும் கவனம் வேண்டும். அவர் முக்கால் பங்கு முதல் போடுகிறார் என்பதற்காக 75 விழுக்காடு பங்குகளை அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிரிட்டனிலும் இந்தியாவிலும் சிறப்புத் தீர்மானத்துக்குத் தேவையான அளவு அதுவே. கம்பெனியின் விதிமுறைகளை அவர் ஒருவரே மாற்றலாம். இயக்குநரை நீக்குவதற்கு அதுகூடத் தேவையில்லை, பாதிக்கு மேல் வாக்கு இருந்தால் போதும். ஏழு ஆண்டு உழைத்து நீங்கள் உருவாக்கிய தொழிலில் நீங்களே நீக்கப்படக்கூடிய ஊழியர் ஆகிவிடுவீர்கள். உங்கள் அண்ணன் அப்படிச் செய்யாதவராக இருக்கலாம். ஆனால் பங்கு ஒருநாள் அவர் வாரிசுகளின் கைக்குப் போகும்.

உங்கள் பக்கத்திலிருந்து போவது புதிய பணத்தில் கால் பங்கு மட்டும் என்று ஏன் கணக்கிடுகிறீர்கள்? வாடிக்கையாளர் பட்டியல், ஏழு ஆண்டு நற்பெயர், இருக்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு, அதை உங்கள் முதலாகக் கொள்ளுங்கள். அல்லது அண்ணன் தன் பணத்தில் பெரும்பகுதியை எழுத்துமூலமான கடனாகவும் சிறு பகுதியைப் பங்காகவும் போடலாம். வட்டி பொதுவாகக் கம்பெனிக்குச் செலவு, அவருக்கு வருமானம். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் தவணை வந்துகொண்டிருக்கும் என்பது, வேலைக்கு வராமல் பணம் மட்டும் போடுகிறவருக்குப் பங்கைவிடப் பொருத்தமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பேரேடு எழுதியது:

வழக்குரை சொன்ன பங்கு விகிதம் வரியிலும் வந்து தொடுகிறது. தொழிலைக் கம்பெனிக்கு மாற்றுவதென்பது சட்டப்படி விற்பனை. உங்கள் கருவிகளும் நற்பெயரும் இன்னோர் ஆளுக்குப் போகின்றன. ஆகவே மூலதன ஆதாய வரி, அதாவது சொத்து கைமாறும்போது கிடைக்கும் ஆதாயத்தின் மேலான வரி, எழலாம். பெரும்பாலான நாடுகள் இதற்கு நிபந்தனையோடு விலக்குத் தருகின்றன. இந்தியாவின் நிபந்தனை, தனி உரிமையாளர் எல்லாச் சொத்தையும் கடனையும் மாற்றி, பதிலாகப் பங்குகளை மட்டும் பெற்று, குறைந்தது 50 விழுக்காடு வாக்குரிமையை 5 ஆண்டுகள் தன்னிடமே வைத்திருக்க வேண்டும் என்பது. அண்ணனுக்கு முக்கால் பங்கு கொடுத்தால் இந்த விலக்கு முதல் நாளே போய்விடும். அமெரிக்காவில் சொத்தையோ பணத்தையோ போட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து மாற்றத்துக்குப் பிறகு 80 விழுக்காடு கட்டுப்பாடு வைத்திருந்தால் போதும். அங்கே அண்ணனின் பணமும் அந்தக் கணக்கில் சேரும். உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்துகிறதோ, அதன் நிபந்தனையைப் பார்த்த பிறகே பங்கு விகிதத்தை முடிவு செய்யுங்கள்.

வடிவத்தின் பெயரை வைத்து வரியை ஊகிக்க வேண்டாம் என்பதையும் இங்கே சேர்க்கிறேன். எல்.எல்.பி. என்ற வரம்புற்ற பொறுப்புள்ள கூட்டாண்மை பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தியாவில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வந்தது. பிரிட்டனில் இலாபம் கூட்டாளிகளின் கையில் வரிக்கு உட்படுகிறது. இந்தியாவில் எல்.எல்.பி.யே 30 விழுக்காடு கட்டுகிறது. கூட்டாளிக்கு வரும் இலாபப் பங்குக்கு மறுபடி வரி இல்லை. அமெரிக்காவின் எல்.எல்.சி. என்ற வரம்புற்ற பொறுப்புள்ள கம்பெனி 1977இல் வயோமிங் மாநிலத்தில் பிறந்த வடிவம். 1997 முதல், தனக்கு எந்த முறையில் வரி விதிக்கப்பட வேண்டும் என்பதை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சட்ட உருவம் ஒன்று, வரி உருவம் வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு முடிவெடுத்தவர்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன்.

ஜி.எஸ்.டி., வாட் போன்ற வரிகள் பொதுவாக வடிவத்தைப் பார்ப்பதில்லை, விற்றுமுதலைப் பார்க்கின்றன. அதனால் அதைப்பற்றி நீட்டவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியும், ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியும் கம்பெனியின் பணம் அல்ல. கட்டாமல் விட்டால் பல நாடுகளில் இயக்குநரிடமே நேராக வருவார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே தனிப்பட்ட பொறுப்பு விதிகள் இருக்கின்றன. பணமுடை வந்தால் எல்லாரும் முதலில் தொடுவது இந்தப் பணத்தைத்தான். இதற்கு ஒரு தனி வங்கிக் கணக்கை இப்போதே, தனி உரிமையாளராக இருக்கும்போதே, திறந்துவிடுங்கள்.

தனிவழி எழுதியது:

சான்றுத் தொழிலின் பொறுப்பை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். என் தொழிலில் ஒரு தவறு என் கட்டணத்தைத் தாண்டிப் போவதில்லை என்பதால் அந்தக் கோணம் தோன்றவில்லை. சமநிலை அவர்களின் நிலைமையில் நானும் கம்பெனியையே தேர்வேன். ஆனாலும் மூடும் செலவையும் ஆண்டுத் தாக்கல் செலவையும் அவர் எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். அவருடைய வரி ஆதாயம் சிறியது என்று அவரே சொல்கிறார். தாக்கல் செலவு அதைவிடப் பெரியதாக இருந்தால், பாதுகாப்புக்காகத் தான் ஆண்டுதோறும் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதையாவது அறிந்து கொடுக்கட்டும்.

சமநிலை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அண்ணனோடு பேசினேன். அவருடைய வீடும் என் சான்றுகளுக்குப் பின்னால் நிற்கும் என்றதும், கூட்டாண்மைப் பேச்சை அவரே நிறுத்திவிட்டார். கம்பெனி பதிவு செய்யப் போகிறோம். பணத்தில் பெரும்பகுதி அவர் கொடுக்கும் கடன், கம்பெனியின் பங்குகளில் ஐந்தில் ஒரு பகுதி அவருக்கு. ஒருவர் விலகினாலோ இறந்தாலோ பங்குக்கு எப்படி மதிப்புப் போடுவது என்பதையும் எழுதுகிறோம். தனிவழி அவர்கள் கேட்டபடி தாக்கல் செலவைக் கேட்டு எழுதிப் பார்த்தேன். வரி ஆதாயத்தில் ஏறக்குறைய முழுவதையும் அது எடுத்துக்கொள்கிறது. தெரிந்தே கொடுக்கிறேன்.

ஆடிட்டர் ஒரு பட்டியல் கேட்டார்: என் பெயரில் இருப்பவற்றில் எவையெல்லாம் கம்பெனியின் பெயருக்கு மாற வேண்டும் என்று. எழுத உட்கார்ந்தபோதுதான் ஆய்வக அங்கீகாரம் நினைவுக்கு வந்தது. ஆய்வகங்களின் திறனுக்கான சர்வதேச விதிமுறையான ஐஎஸ்ஓ 17025 தரநிலைப்படி ஆய்வகம் ஒரு சட்டபூர்வ அமைப்பாகவோ அதன் வரையறுக்கப்பட்ட பகுதியாகவோ இருக்க வேண்டும். அந்த அமைப்பே மாறுவதால் அங்கீகார அமைப்புக்கு முன்கூட்டியே எழுத வேண்டும், இல்லாவிட்டால் இடைப்பட்ட நாட்களில் கொடுக்கும் சான்று செல்லாமல் போகலாம். கட்டட ஒப்பந்தம், ஊழியர்களின் பணிக்காலத் தொடர்ச்சி, மூன்று ஆண்டு ஒப்பந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. என்னுடைய தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டைக் கம்பெனி பெயருக்கு மாற்றிவிட்டால், ஏழு ஆண்டுகளாக என் பெயரில் கொடுத்த சான்றுகளின் நிலை என்ன?

வழக்குரை எழுதியது:

மிகச் சரியான கேள்வி. பழைய சான்றுகளுக்கான பொறுப்பு உங்களுடையதாகவே இருக்கும். கம்பெனி பிறந்ததால் அது மறையாது. இத்தகைய காப்பீடுகள் பெரும்பாலும், தவறு என்று நடந்தது என்று பார்ப்பதில்லை, கோரிக்கை எந்தக் காப்பீட்டுக் காலத்தில் வந்தது என்று பார்க்கின்றன. ஆகவே பழைய பத்திரத்தை நிறுத்திய பிறகு பழைய சான்றைப் பற்றிக் கோரிக்கை வந்தால் யாரும் கொடுக்க மாட்டார்கள். புதிய பத்திரத்தில் கம்பெனியோடு உங்கள் பெயரையும், முந்தைய தொழிலையும், ஏழு ஆண்டுக்கு முந்தைய தொடக்கத் தேதியையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் பழைய தொழிலுக்கு மட்டும் நீட்டிப்புக் காப்பீடு வாங்குங்கள்.

சமநிலை எழுதியது:

கேட்டுவிட்டேன், என் பெயரையும் பழைய தேதியையும் சேர்த்துத் தர ஒப்புக்கொண்டார்கள். அதே உரையாடலில் நியம எடைக்கற்களுக்கான தீ, திருட்டுக் காப்பீட்டைப் பற்றியும் விசாரித்தேன். அது என் பெயரில் இருக்கிறது. எடைக்கற்கள் வரும் மாதம் முதல் தேதி கம்பெனியுடையவை ஆகின்றன. மரங்களை இழந்த மக்காராவை நினைத்துக்கொண்டு, அந்தப் பத்திரத்தையும் அதே தேதியில் மாற்றுவதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.